பனம்பழ ஜாமும் வாய்க்கால் வீட்டுச் சம்பந்தமும்

என் தங்கையின் கல்யாணத்தை ஒரு ஜாடி ஜாமைக் கொண்டு நான் ஏறக்குறைய நிறுத்தியே விட்டேன். இதை இத்தனை வாரமாக எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்ததற்குக் காரணம் கூச்சம்தான். போன வாரம் அவள் வந்திருந்தாள். "ஊர்க்கதையெல்லாம் எழுதறீங்களாமா, அதை மட்டும் ஏனுங்ணா உட்டுப்போட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கேட்ட குரலில் அன்பு இருந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

காட்சி இதுதான். எங்கள் வீட்டு ஆசாரம். கூடத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். புதுப்பாய் விரித்திருக்கிறது. அதன் மேல் சத்தியமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை குமாரசாமி, அவருடைய அப்பா, அப்பாவுக்கு அக்காவான நாச்சாத்தாள் அம்மாள். மூவர் வாயும் அசைகிறது. மூவரில் ஒருவரும் பேசவில்லை.

கொங்கு நாட்டில் நாலு பேர் கூடி உட்கார்ந்த இடத்தில் "ங்க" என்ற சத்தம் கேட்கவில்லையானால் அங்கே ஒரு சாவு விழுந்திருக்க வேண்டும். அல்லது பங்காளிகள் தோட்டத்தைப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அன்று இரண்டும் இல்லை. ஜாம்தான் இருந்தது.

நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ருசியில் மெய்மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

உக்கடத்து அறை

ஜாம் என் வாழ்க்கையில் எப்படி நுழைந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கோயமுத்தூரில் பி.ஏ. வரை படித்தேன். இதில் "வரை" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை, பரீட்சைக்காரர்கள் கவனித்தார்கள். உக்கடத்தில் பெரிய குளத்தைப் பார்த்த மாடி அறை எனக்கு. ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், கூடவே குளத்துக் கொசு முழுவதும் வரும். மூடினால் இரண்டும் வராது. மூடிவிட்டு, வேர்வையில் நனைந்தபடி இங்கிலீஷ் நாவல் படிப்பேன்.

அந்த நாவல்களில் வெளியே எப்போதும் மழை பெய்யும். உள்ளே கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாரும் ரொட்டியில் ஜாம் தடவித் தின்பார்கள். தின்றுகொண்டே காதலிப்பார்கள், சொத்துக்கு உயில் எழுதுவார்கள், சில சமயம் கொலையும் செய்வார்கள். எதைச் செய்தாலும் ஜாமை விடமாட்டார்கள். எனக்கு மழையும் இல்லை, கணப்பும் இல்லை, காதலும் இல்லை. மாடிக்குக் கீழே ஒரு ரொட்டிக்கடை மட்டும் இருந்தது. இருப்பதிலிருந்துதானே ஆரம்பிக்க முடியும்?

ஜாம்தான் சிக்கல். உதகைக்குப் போகிற துரைமார் சாமான் வாங்கும் கடையில் சீமை டின்னில் கிடைத்தது. ஆனால் அது சீமைத் துணியை நடுத்தெருவில் கொளுத்திய காலம். கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு சீமை ஜாம் தின்ன எனக்கு மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை கொடுத்தது. அந்த ஒரு டின் தீர்ந்த அன்று, தேசம் தனக்கு வேண்டிய ஜாமைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்று தீர்மானித்தேன். தேசம் அப்போது வேறு வேலையாக இருந்ததால் பொறுப்பு என் மேல் விழுந்தது.

அவித்துத் தின்ற தோப்பு

பரீட்சை முடிவு வந்தபின் ஊருக்குத் திரும்பினேன். தாராபுரத்துக்கு வடக்கே எங்கள் ஊர். மேட்டுக்காடு. மழை வந்தால் சோளம், வராவிட்டால் வானத்தைப் பார்ப்பது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியாது; நம் முகம் எங்கேயோ ஒரு காசு அளவில் தெரியும். இந்த ஊரில் எதைப் பற்றியும் கவலைப்படாமல் நின்றது பனைமரம் ஒன்றுதான்.

சித்திரையில் நுங்கு தரும். காலையில் தெளுவு தரும். பதநீர் என்று மற்றவர்கள் சொல்வதை நாங்கள் தெளுவு என்போம். காய்ச்சினால் கருப்பட்டி. ஓலை கூரைக்கு, நார் கட்டிலுக்கு, தண்டு உத்தரத்துக்கு. இத்தனை கொடுத்தும் அதற்கு ஊரில் மரியாதை இல்லை. கள் என்ற ஒரே பிள்ளை கெட்டுப்போனதால் குடும்பத்துக்கே வந்த அவப்பெயர். கள்ளுக்கடை மறியல்காரர்கள் எங்கள் பக்கம் வந்தபோது பனைமரத்தைப் பார்த்த பார்வையிலேயே அது பட்டுப்போயிருக்க வேண்டும். போகவில்லை.

அந்த அவப்பெயரைப் போக்க நான் நினைத்தேன். முதல் முயற்சியாக ஒரு பனந்தோப்பு வளர்க்கப் புறப்பட்டேன். வரப்போரமாக நூல் பிடித்துக் குழி தோண்டிப் பனங்கொட்டைகளை ஊன்றினேன். பனை காய்க்க ஒரு தலைமுறை ஆகும், அதுவரை ஆண் மரமா பெண் மரமா என்றுகூடத் தெரியாது என்றார்கள். எனக்கு அவசரமில்லை. தினமும் அதிகாலையில் போய் என் தோப்பைப் பார்ப்பேன். மண்ணைத்தான் பார்ப்பேன் என்றாலும் தோப்பாகத்தான் தெரியும்.

தைப்பொங்கலுக்கு முந்தின நாள் போய்ப் பார்த்தால் வரப்பு நெடுக வெறும் குழி. வீட்டுக்கு ஓடி வந்தேன். அடுப்பில் பெரிய பானை. பானைக்குள் மஞ்சளும் உப்பும் போட்டு என் தோப்பு வெந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் பனங்கொட்டையை மண்ணில் புதைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கிழங்கு. மரம் வளர்ப்பதற்காக ஒருவன் புதைப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. பனை தானாக முளைக்கும். அதை யார் வளர்ப்பார்கள்?

"பரவாயில்லீங்ணா, நல்லா நூல் புடிச்சு நட்டிருந்தீங்க. தோண்டறதுக்குச் சுளுவா இருந்துச்சு" என்றாள் தங்கை மயிலாத்தாள். நானும் இரண்டு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜாம் பிறந்த விதம்

அதன் பிறகு வந்த ஆடியில் பனம்பழம் விழத் தொடங்கியது. விடியும் நேரத்தில் "தொப்" என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே பட்டியிலிருக்கும் எருமை காதைத் தூக்கும். கறுத்த தோல், உள்ளே குங்குமப்பூ நிறத்தில் சதை, சதைக்குள் தலைமுடி மாதிரி நார். வாசனை தெருமுனை வரை போகும். சுட்டுத் தின்பவர்கள் சுட்டுத் தின்பார்கள். மற்றதை மாடு தின்னும். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. மாம்பழத்தில் ஜாம் வரும், ஆரஞ்சில் வரும், பனம்பழத்தில் வராதா?

சதையைப் பிசைந்து பிழிந்து, கிடைத்த துணியில் வடிகட்டினேன். கிடைத்த துணி அப்பா ஆடி நோம்பிக்கு, அதுதான் ஆடிப் பண்டிகைக்கு, எடுத்து வைத்திருந்த புது வேட்டி. அதற்குப் பிறகு அது வெள்ளையாகவில்லை. அப்பா அதைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனபோது, எந்த மடத்தில் சேர்ந்தீர்கள் என்று இரண்டு பேர் கும்பிட்டுக் கேட்டார்களாம். அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. வந்து வேட்டியை என் கட்டிலின் மேல் மடித்து வைத்துவிட்டுப் போனார்.

அண்டாவில் அஸ்கா சர்க்கரையைக் கொட்டிக் கிண்டினேன். முதலில் கூழாக இருந்தது. பிறகு பசையாயிற்று. பிறகு கரண்டியை விடவில்லை. கசப்பு கொஞ்சம் இருந்தது. அதற்கு மேலும் அஸ்கா. நாரில் பாதி வடிகட்டலில் தப்பி உள்ளே வந்துவிட்டது. நார் குடலுக்கு நல்லது என்று எங்கோ படித்திருந்ததால் அதைப் போனால் போகிறது என்று விட்டேன்.

அம்மா ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"மாட்டுக்கே வெச்சிருக்கலாம் கண்ணு. பாலாச்சும் எச்சா வந்திருக்கும்."

கொட்டைகளை மயிலா பொறுக்கிக்கொண்டு போய்ப் பொடக்காளியில், அதுதான் கொல்லைப்புறத்தில், புதைத்துவிட்டாள். தோப்பு வளர்ப்பதற்காக அல்ல என்று இப்போது நான் சொல்ல வேண்டியதில்லை.

வாய்க்கால்

ஆவணி பிறந்ததும் சத்தியமங்கலத்துச் சம்பந்தம் வந்தது. பவானித் தண்ணீர் பாயும் பூமி. நெல்லும் மஞ்சளும் வாழையும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாப்பிள்ளை வீட்டுக்குப் பின்புறமே வாய்க்கால் ஓடுகிறது என்று தரகர் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்ட நாளிலிருந்து மயிலா வேறு மனுஷி. பத்து வயதிலிருந்து அந்தப் பாதாளக் கிணற்றில் கயிறு இழுத்தவள். அவள் உள்ளங்கையைத் தொட்டால் சாக்கைத் தொடுவது போல இருக்கும்.

"மாப்பிள்ளை எப்படி இருப்பாரோ" என்று அம்மா கவலைப்பட்டாள்.

"எப்படி இருந்தாலும் சரிங்கம்மா. கொடத்தைச் சாய்ச்சாத் தண்ணி வருமாமா. கயிறே வேண்டியதில்லையாமா." சொல்லிவிட்டு என்னிடம் வந்து தனியாக நின்றாள். "ஏனுங்ணா, உங்களை ஒண்ணு கேட்டுக்கறேன். அன்னிக்கு ஒரு நாளைக்கு நீங்க ஒண்ணும் செய்யாம இருங்க. அது போதும் எனக்கு."

செய்யாமல் இருப்பது எனக்கு எப்போதுமே கைவந்த கலை. அன்றைக்கென்று கைவிட்டுவிட்டது.

காரணம் ஒரு வழக்கம். பெண் பார்க்க வருகிறவர்கள், சம்பந்தம் முடிவாகும் வரை அந்த வீட்டில் சாப்பிடமாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதித்ததாக ஆகிவிடும். தண்ணீர் குடிப்பார்கள், மோர் குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், இலையில் உட்காரமாட்டார்கள். போளியை நாங்கள் ஒப்பிட்டு என்போம்; அதைச் சுட்டு நெய் ஊற்றி எதிரே வைத்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு, "அதுக்கென்னங்க, பொறவு வந்து உண்டுக்கறமுங்க" என்பார்கள்.

நான் யோசித்தேன். சோறு இல்லை, பலகாரம் இல்லை, இலை இல்லை. ரொட்டியும் ஜாமும் நம் முன்னோர்கள் அறியாத பொருள்கள். அறியாத பொருளுக்கு வழக்கத்தில் தடை எப்படி இருக்கும்? அவர்களும் தின்னலாம், நமக்கும் உபசரித்த திருப்தி. படித்த குடும்பம் என்பதும் தெரியும்.

முதல் நாளே கோயமுத்தூர் பஸ்ஸில் ரொட்டி தருவித்துவிட்டேன்.

வாய் திறவாதவர்கள்

மயிலா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். குமாரசாமி பார்த்தார். அவர் முகத்தில் வாய்க்கால் ஓடியது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது நான் தட்டுகளுடன் நுழைந்தேன்.

ரொட்டியைப் பார்த்ததும் மூன்று முகமும் மாறின. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இன்றைய வாசகர்களுக்கும் விளங்காது. இப்போது ரொட்டி தெருவுக்குத் தெரு விற்கிறது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ரொட்டி என்றால் அது மருந்தோடு சேர்ந்த சாமான். டைபாய்டு வந்து பிழைத்தவனுக்கு, சோறு இறங்காதவனுக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்துப் பாலில் தோய்த்துத் தருவது. டாக்டர் சொல்லாமல் ரொட்டி வாங்கியவன் எங்கள் தாலுகாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

நாச்சாத்தாள் அம்மாள் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங் கண்ணு, இந்த ரொட்டி இங்க அடிக்கடி வருமுங்களா?"

"தினமும் வேணுமுங்க. அது இல்லாம ஓடாதுங்க" என்று பெருமைக்குச் சொல்லிவைத்தேன்.

"எத்தனை காலமாங்க?"

"ஆச்சுங்க, வருசக் கணக்கா."

"அடப் பாவமே" என்றார் மெதுவாக. ரொட்டி இல்லாமல் தாம் கழித்த வருஷங்களை எண்ணி இரங்குகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வேண்டாம் என்று சொல்வது அவர்களுக்குத் தெரியாது. எங்கள் நாட்டில் அந்தச் சொல்லே வழக்கில் இல்லை. அதற்குப் பதில் சொல்கிற சொற்கள்தான் நிறைய உண்டு. ஆனால் சோறு, பலகாரம் இவற்றுக்குத்தான் அவை உண்டு. ரொட்டிக்கும் ஜாமுக்கும் என்ன சொல்லித் தட்டிக் கழிப்பது என்று யாரும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை. ஆளுக்கு ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தார்கள்.

அவ்வளவுதான். மேல்வாயும் கீழ்வாயும் ஒட்டிக்கொண்டன.

ஆசாரம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நான் என் பேச்சால் நிரப்பினேன். பனையின் பெருமையைச் சொன்னேன். வைட்டமின் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு பனைமரத்தடியிலும் ஓர் அண்டா வைத்தால் கள்ளுக்கடை மறியலே தேவையில்லை என்றேன். கையை வீசிச் சுற்றிச் சுற்றி நடந்து பேசியதில் ஒரு தட்டு கவிழ்ந்தது. இடையில் குமாரசாமி பல்லிடுக்கில் ஒரு நாரைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். கிணற்றுக் கயிறு போல வந்துகொண்டே இருந்தது. அவருடைய அப்பா கண்ணில் நீர் கோத்திருந்தது. என் அப்பா தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கை கழுவத் தண்ணீர் கேட்டார்கள், சைகையால். வெகுநேரம் கழுவினார்கள்.

"போயிட்டுச் சொல்லி அனுப்பறமுங்க" என்றார் குமாரசாமியின் அப்பா, வாய் திறந்ததும் முதல் வேலையாக. கல்யாணப் பேச்சில் இந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று கல்யாணம் ஆகாதவர்களுக்குக்கூடத் தெரியும். நாச்சாத்தாள் அம்மாள் மட்டும் வண்டி ஏறுமுன் திரும்பி வந்து, என் உச்சந்தலையில் கை வைத்து ஏதோ முணுமுணுத்தார். ஆசீர்வாதம் என்று குனிந்து வாங்கிக்கொண்டேன்.

வண்டி மறைந்ததும் மயிலா வெளியே வந்தாள். அழவில்லை.

"என்னைய அந்த ஊட்டுக்கு அனுப்பக்கூடாதுன்னு உங்களுக்கு ஏதாச்சும் வேண்டுதலுங்களாண்ணா?"

சத்தியமங்கலத்துக் கூடை

புரட்டாசியில் ஒரு தகவலும் இல்லை. ஐப்பசியில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர், தாராபுரம் சந்தைக்கு வந்தவர், ஒரு கூடையைக் கொண்டுவந்து இறக்கினார்.

"சத்தியமங்கலத்துப் பெரியம்மா குடுத்தனுப்பிச்சாங்க. ஒடம்பைப் பாத்துக்கச் சொன்னாங்க. சாமிகிட்ட வேண்டியிருக்காங்களாமா."

கூடையைத் திறந்தோம். பார்லி அரிசி. ஒரு பொட்டலம் கோயில் திருநீறு. மீதியெல்லாம் எலுமிச்சம்பழம்.

"பாத்தீங்களா!" என்று நான் துள்ளினேன். "ஜாமுக்குப் புளிப்பு கொஞ்சம் பத்தலைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது!"

அம்மா பார்லியைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "பார்லித் தண்ணி யாருக்குக் காய்ச்சிக் குடுப்பாங்க கண்ணு? சீக்காளிக்குத்தானே? நம்ம அம்மணிக்குக் காசம்னு நெனச்சுப்போட்டாங்க."

அப்போதுதான் எனக்கு ரொட்டியின் பொருள் உறைத்தது. தினமும், வருஷக் கணக்காக என்று வேறு சொல்லியிருக்கிறேன். இந்தச் சம்பந்தம் போனதோடு முடியாது. பெண்ணுக்குக் காசம் என்று ஒரு பேச்சு வண்டியேறிவிட்டால், பிறகு மேட்டுக்காட்டிலிருந்துகூட யாரும் வரமாட்டார்கள். மயிலா ஆயுள் முழுவதும் அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அன்று முதல் எங்கள் வீட்டில் இருமல் தடை செய்யப்பட்டது. மிளகாய் தாளிப்பது பொடக்காளிக்கு மாற்றப்பட்டது. மயிலாவுக்குத் தொண்டை கமறினால் அம்மா ஓடிப்போய் வாயைப் பொத்துவாள். "அடக்கு அம்மணி, அடுத்தூட்டுல கேக்கும்!"

நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் காசம் இல்லை என்ற செய்தியைப் பரப்பினேன். கடையில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், எருமை விலை கேட்க வந்தவரிடம் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். எருமை கேட்க வந்தவர் எருமையை வாங்காமலேயே போய்விட்டார்.

கூடைக்குப் பதில் மரியாதையாக, மிச்சமிருந்த ஜாமை ஒரு ஜாடியில் அடைத்துச் சத்தியமங்கலத்துக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்தேன். மயிலா ஜாடியைப் பிடுங்கிக்கொண்டு போய் எருமைத் தொட்டியில் கவிழ்த்தாள். எருமை முகர்ந்து பார்த்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டது. அந்த எருமையை நான் அதன் பிறகு மதிக்கவில்லை.

கடப்பாரை

தைப்பூசத்துக்குப் பழனி போகிற வண்டிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். அப்படி வந்த ஒரு கூண்டு வண்டி எங்கள் வாசலில் நின்றது. நாச்சாத்தாள் அம்மாள் இறங்கினார்.

"தண்ணி குடிச்சுட்டுப் போலாம்னு வந்தமுங்க" என்றார். எத்தனையோ ஊரைத் தாண்டி வந்தவருக்கு எங்கள் கிணற்றைப் பார்த்துத்தான் தாகம் எடுத்ததாம்.

மயிலா அப்போது பொடக்காளியில் கடப்பாரையால் கிழங்குப் பாத்தியைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். என் ஜாமுக்குப் பிழிந்த கொட்டைகள் எல்லாம் முழ நீளத்துக்குக் கிழங்கு விட்டிருந்தன. அம்மா பின்வாசல் வழியாக ஓடினாள்.

"அம்மணி, வந்திருக்காங்க! கையக் கழுவிட்டுப் பொடவை மாத்து!"

"இருங்கம்மா" என்றாள் மயிலா. "சீக்காளி கடப்பாரை புடிப்பாளான்னு பாத்துட்டே போகட்டும்."

சொல்லிவிட்டுக் கடப்பாரையை இறக்கினாள் பாருங்கள், பூமியோடு ஏதோ பழைய பகை இருப்பது போல. நாச்சாத்தாள் அம்மாள் பின்கட்டுக்கு வந்து, கட்டில் போடச் சொல்லி உட்கார்ந்தார். மயிலாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கமெல்லாம் நல்லா வருதுங்களா கண்ணு?"

"வருதுங்க."

"எண்ணெ தேய்ச்சுத் தலைக்கு ஊத்திக்கறீங்களா?"

"சனிக்கிழமை தவறாதுங்க."

என் உடம்பைப் பற்றியும் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன். பெண் வீட்டார் அனைவரையும் விசாரிக்கிற பெருந்தன்மை! பிறகு அந்த அம்மாள் என் அப்பாவிடம் திரும்பினார்.

"உங்கப்பாரு படிச்சவருங்களா?"

"கைநாட்டுங்க" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் பேசிய ஒரே சொல்.

நாச்சாத்தாள் அம்மாளின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அம்மணி பள்ளிக்கூடம் போச்சுங்களா?"

"மூணாப்போட நிறுத்திப்போட்டமுங்க" என்றாள் அம்மா தயங்கித் தயங்கி.

"நல்ல காரியம் செஞ்சீங்க. புஸ்தகம் கிஸ்தகம் படிக்குமுங்களா?"

மயிலா கடப்பாரையை ஊன்றி நிமிர்ந்தாள். "அடுப்புப் பத்தவெக்க எடுப்பனுங்க. அண்ணனுது நெறையக் கெடக்குது."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் வண்டி மாடு இரண்டும் திரும்பிப் பார்த்தன.

கிழங்கு வெந்தது. உப்புத் தொட்டு இரண்டு தின்றார். நாரை லாகவமாக உரித்துப் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வெகு சாதாரணமாகச் சொன்னார்.

"இலையைப் போடுங்க அம்மணி. உண்டுபோட்டே கெளம்பறேன்."

அம்மாவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் இலை அறுக்க ஓடினாள். எங்களிடம் வாழை இல்லை என்பது பாதி வழியில் ஞாபகம் வந்து, அடுத்த வீட்டுக்கு ஓடினாள். மயிலா கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை. அதைப் பிடித்தபடியே நின்று, முதல் தடவையாக இருமினாள். மாதக் கணக்கில் அடக்கி வைத்த இருமல். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாய்க்கால் கரையில்

பங்குனியில் கல்யாணம். கல்யாண விருந்தில் ரொட்டி இல்லை. என்னைச் சமையல்கட்டுப் பக்கம் போகவிடாமல் குமாரசாமியின் பங்காளிகள் இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டு என்னோடு அன்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு வந்த மாரியம்மன் நோம்பிக்குச் சத்தியமங்கலம் போனேன். தரகர் பொய் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடியது. மயிலா கரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். வேலை எதுவும் செய்யவில்லை. குடம் பக்கத்தில் சும்மா மிதந்தது. "வாங்ணா" என்றாள்; எழுந்திருக்கவில்லை.

நாச்சாத்தாள் அம்மாள் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நல்லதே நடந்து முடிந்த துணிச்சலில் நான் பழைய பேச்சை எடுத்தேன்.

"என்ன இருந்தாலும் நீங்க மயிலாவுக்குக் காசம்னு சந்தேகப்பட்டது சரியில்லைங்க. அவ கடப்பாரை புடிச்சதைப் பாத்த பொறவுதானுங்களே உங்களுக்கு நம்பிக்கை வந்துச்சு?"

அவர் இடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பரிவோடு பார்த்தார்.

"அம்மணிக்கு என்னங் கண்ணு? அது கல்லாட்டம் இருக்குதுன்னு மோர் கொண்டாந்து வெச்சப்பவே தெரியுமே. நாங்க விசாரிச்சதெல்லாம் உங்களைப் பத்தித்தானுங்க. அந்த எலுமிச்சம்பழம்கூட உங்க தலைக்குத் தேய்ச்சு ஊத்திக்கத்தானுங்க அனுப்பிச்சேன். இது குடும்பத்துக்கே இருக்குதா, இல்லை உங்களோட நின்னுபோச்சான்னு தெரிஞ்சுக்கோணுமில்லீங்க?"